வீட்டுலயே விமானம்: வேகம் சரி, இறங்கும்போது என்ன ஆகும்?



போன மாசம் ஆரணி போயிருந்தேன். சித்தி வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து காபி குடிச்சிட்டு இருக்கும்போது சித்தி பையன் போனை நீட்டினான். "அக்கா, இதைப் பாருங்க. அப்புறம் ஒரு கேள்வி கேக்கறேன்."

பையனுக்கு 27 வயசு. பெங்களூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் ₹82,000. போன்ல ஓடின வீடியோ உங்கள்ல பாதிப் பேர் பார்த்ததுதான். கேரளாவில இருந்து இங்கிலாந்து போன என்ஜினியர் அசோக் தாமராக்ஷன், கோவிட் லாக்டவுன் நேரத்துல வீட்டுத் தோட்டத்துல ஷெட் போட்டு நாலு பேர் உட்கார்ற விமானத்தைத் தானே பூட்டி, 2022-ல பறக்கவிட்டு, மனைவி குழந்தைங்களோட ஐரோப்பா சுத்தின கதை. மகள் தியா பேர்ல 'ஜி-தியா'ன்னு விமானத்துக்குப் பதிவு.

கேள்வி இதுதான்: "₹15 லட்சம் பர்சனல் லோன் போட்டு, முதல்ல வால் பகுதியும் இறக்கையும் மட்டும் வாங்கிடலாமா? மீதியைப் போகப் போகப் பார்த்துக்கலாம்."

சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். ஆனா அவன் விளையாட்டுக்குக் கேக்கல. லோன் ஆப்ல அப்ரூவல் வரைக்கும் போயிருந்தான். சித்தப்பாவுக்குத் தெரியாது. அதனால ரெண்டு வாரம் உட்கார்ந்து படிச்சேன். மியூச்சுவல் ஃபண்ட் பத்தி எழுதற இடத்துல விமானம் பத்தி எழுதறேன்னு யோசிக்காதீங்க. படிச்சு முடிச்சப்போ, இஎம்ஐ கட்டற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம் இதுல இருக்குன்னு தோணுச்சு.

வீடியோவில வராத கணக்கு

அசோக் கட்டினது தென்னாப்பிரிக்காவில தயாராகிற 'ஸ்லிங் டிஎஸ்ஐ' கிட். செலவு ₹1.8 கோடின்னு நம்ம ஊர்ப் பத்திரிகைங்க எழுதின. அந்தத் தொகை எல்லார் கண்லயும் படும். இன்னொரு எண் படாது: சுமார் 1,500 மணி நேர வேலை.

நீங்க வேலைக்குப் போறவங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நாலு நாலு மணி நேரம் தவறாம உட்கார்ந்தா வாரத்துக்கு 8 மணி நேரம். 1,500-ஐ 8-ஆல வகுத்தா 187 வாரம். மூணரை வருஷத்துக்கு மேல. கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா எதுவும் நடுவுல வராம இருந்தா! உலகமே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த காலத்துல அசோக் அதை ஒன்றரை வருஷத்துல முடிச்சார். அதுக்கு முன்னாடியே பைலட் லைசென்ஸும் எடுத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் சோதிச்சுக் கையெழுத்துப் போட அங்க ஒரு அமைப்பும் இருக்கு.

சொந்த உழைப்பைக் கணக்குல சேர்க்காம விடறது ஆரணிக்காரங்களுக்குப் புதுசில்ல. சித்தப்பா தறியில ஒரு சேலை இறங்கினா முதலாளி தர்ற கூலி நெய்றவருக்கு. தார் சுத்தின சித்திக்கு? பாவு பிணைக்கும்போது நாள் பூரா கூட உட்கார்ந்த பாட்டிக்கு? அது 'வீட்டு வேலை'. நான் சிஏ படிக்கும்போது காஸ்டிங் பாடத்துல இம்ப்யூட்டட் காஸ்ட்னு ஒண்ணு வரும், அதாவது கையை விட்டுப் பணம் போகாத செலவு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது சித்தியோட ராட்டைதான்.

இறக்கையைக் குறைச்சா வேகம் வரும்

சரி, ஃபேக்டரியில செஞ்ச சின்ன விமானம் இருக்கும்போது ஏன் வீட்டுல கட்டறாங்க? ஒரு காரணம் ஆசை. இன்னொண்ணு வேகம். ஃபேக்டரி விமானத்துக்கு அரசாங்கச் சான்றிதழ் வேணும், அதுக்கு ஏகப்பட்ட விதி. உதாரணமா, அமெரிக்காவில ஒற்றை என்ஜின் விமானங்களுக்கு ரொம்ப காலமா ஒரு எல்லை இருந்தது: ஸ்டால் வேகம் 61 நாட், அதாவது மணிக்கு சுமார் 113 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

ஸ்டால்னா என்ஜின் நிக்கறது இல்ல. இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வரும். விமானம் ஒரு அளவுக்குக் கீழ மெதுவாப் போனா, காத்து இறக்கையை ஒட்டி ஓடாம பிரிஞ்சிடும். தூக்கும் சக்தி திடீர்னு விழுந்துடும். என்ஜின் முழு வேகத்துல ஓடிட்டு இருந்தாலும் விழும். இந்த வேகம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு மெதுவா இறங்கலாம். என்ஜின் நின்னுபோச்சுன்னா ஒரு வயல்ல இறக்கி உயிரோட வெளிய வரவும் வாய்ப்பு அதிகம்.

வீட்டுல கட்டற விமானம் 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவு. அந்த 61 நாட் எல்லை இதுக்குப் பொருந்தாது. அதனால சில டிசைனர்கள் இறக்கையைச் சின்னதாக்கினாங்க. சின்ன இறக்கைன்னா காத்துல உராய்வு குறையும், வேகம் கூடும்.

ஒரு ஒப்பீடு பாருங்க. ஃப்ளையிங் ஸ்கூல்ல எல்லாரும் ஓட்டிப் பழகற செஸ்னா 172: முழு எடை சுமார் 1,157 கிலோ, இறக்கை 16.2 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் தூக்கற பாரம் 71 கிலோ. 180 குதிரைசக்தி, மணிக்கு 230 கி.மீ. சுமாரா போகும்.

லான்கேர் 4-பி, வீட்டுல கட்டற விமானங்கள்ல பந்தயக் குதிரை: எடை சுமார் 1,610 கிலோ, இறக்கை 9.1 சதுர மீட்டர்தான். ஒரு சதுர மீட்டருக்கு 177 கிலோ. 350 குதிரைசக்தி டர்போ என்ஜின். உயரத்துல போனா மணிக்கு 500 கி.மீ.யைத் தாண்டும். உள்ள நாலு பேர் ஏசி கார்ல போற மாதிரி உட்கார்ந்து போகலாம்.

யாருக்குத்தான் ஆசை வராது? மேல பறக்கற வரைக்கும் இதுல ஒரு குறையும் தெரியாது. கன்ட்ரோல் லேசா இருக்கும், விரல் நுனியில தொட்டா திரும்பும். விலை தெரியறது கீழ வரும்போது. செஸ்னா மணிக்கு 90 கி.மீ. வரைக்கும் காத்துல தாங்கும். லான்கேர் 115 பக்கத்துலயே கைவிட்டுடும். 25 கி.மீ. தானேன்னு தோணும். மோதற வேகத்தோட சக்தி வர்க்கத்துல கூடும். எடையையும் சேர்த்தா தரையைத் தொடும்போது சுமக்கிற சக்தி ரெண்டு மடங்குக்கு மேல.

இதுல இன்னொரு வம்பு இருக்கு. ரன்வேக்கு நேரா வர்றதுக்காகக் கடைசியில ஒரு திருப்பம் திரும்பணும். 45 டிகிரி சாய்ச்சுத் திருப்பினா ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறிடும். 60 டிகிரின்னா 41 சதவீதம். திருப்பம் கொஞ்சம் தவறிப்போச்சு, இன்னும் கொஞ்சம் சாய்ப்போம்னு நினைக்கிற அந்த நொடியில ஒரு பக்க இறக்கை மட்டும் விழும். நிமிர்த்த உயரம் இருக்காது.

2009-ல அமெரிக்க விமானத் துறை எஃப்ஏஏ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. வீட்டுல கட்டின விமானங்கள்ல லான்கேர் 3 சதவீதம் சொச்சம்தான். ஆனா அதுக்கு முந்தின 11 மாசத்துல அந்தப் பிரிவுல நடந்த உயிர்பலி விபத்துகள்ல 16 சதவீதம் லான்கேர். விமானத்துல ஓட்டை உடைசல் இல்ல. மெதுவாப் பறக்கறதையும் ஸ்டாலையும் அந்த விமானத்துலயே பழகிக்கங்கன்னுதான் அறிவிப்போட சாரம்.

இங்க நிறுத்தி உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. சம்பளம் வர்ற வரைக்கும் எல்லா இஎம்ஐயும் சுகமாப் பறக்கும்.

சித்தப்பாவுக்குப் புரிஞ்ச விமானம்

எல்லா டிசைனரும் லான்கேர் வழியில போகல. அமெரிக்காவோட பர்ட் ரூட்டன் 'லாங்-ஈஸி'ன்னு ஒண்ணு வரைஞ்சார். கிட் கிடையாது, வெறும் வரைபடம்தான் வித்தார். ஃபோமைச் சூடான கம்பியால வெட்டி, மேல கண்ணாடி இழைத் துணியை எபாக்சி தடவி ஒட்டணும். என்ஜின் பின்னாடி, சின்ன இறக்கை முன்னாடி.

இதைச் சொல்லிட்டு இருக்கும்போது தறியில இருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். "துணியிலயா?" துணிதான் சித்தப்பா, கண்ணாடி நூல்ல நெய்தது. பாவு, ஊடை ரெண்டும் உண்டு. இறக்கை வளையாம தாங்கற இடத்துல நூல் எல்லாம் ஒரே திசையில ஓடற துணி. முறுக்கைத் தாங்கற மேல்தோல்ல துணியை 45 டிகிரி சாய்ச்சு ஒட்டணும். "ஆமா, குறுக்கால இழுத்தாதானே துணி நெகிழும், சாய்ச்சுப் போட்டாத்தான் முறுக்குக்குத் தாங்கும்"னார். என்ஜினியரிங் படிச்ச எங்க பையனுக்கு இது புரிய ஒரு வீடியோ தேவைப்பட்டது!

லாங்-ஈஸியோட சூட்சுமம் அந்த முன் இறக்கை. வேகம் குறைஞ்சா பெரிய இறக்கைக்கு முன்னாடி அதுதான் ஸ்டால் ஆகும். மூக்கு தானா கொஞ்சம் கீழ இறங்கும், வேகம் திரும்ப வந்துடும். பெரிய இறக்கை ஸ்டால் ஆகற நிலைக்கே போகாது. ஆனா இதுவும் இலவசம் இல்ல. இறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவற ஃப்ளாப் இதுல வைக்க முடியல. அதனால நீளமான, வழவழப்பான ரன்வே வேணும். ஆரம்பத்துல வந்த முன் இறக்கையில மழைத்துளி பட்டா விமானத்தோட சமநிலையே மாறும். அப்புறம் வடிவத்தை மாத்தினாங்க.

இந்த டிசைன் நம்ம நாட்டுக்கும் வந்தது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம், அதாங்க என்ஏஎல், லாங்-ஈஸி டிசைனை அடிப்படையா வச்சு ஒரு ஆராய்ச்சி விமானம் செஞ்சு 1987-ல பறக்கவிட்டது. அந்த வகைப் பொருள்ல கை பழகின பிறகு வந்ததுதான் 'ஹன்சா' பயிற்சி விமானம்.

பாதுகாப்பான டிசைன்தான். ஆனா பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்னிக்கு கலிஃபோர்னியாவோட மான்டரே கடல்ல விழுந்து இறந்தது லாங்-ஈஸியிலதான். அவர் கட்டினது இல்ல. வேற ஒருத்தர் கட்டினதை அப்பத்தான் வாங்கியிருந்தார். பெட்ரோல் டேங்க் மாத்தற வால்வை, வரைபடத்துல சொன்ன இடத்துல வைக்காம பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி வச்சிருந்தார் கட்டினவர். பறக்கும்போது உடம்பைத் திருப்பிக் கையை நீட்டினாத்தான் எட்டும். ஒரு டேங்க்ல பெட்ரோல் குறைவு. மாத்தறதுக்குத் திரும்பினப்போ விமானத்தோட கட்டுப்பாடு போயிருக்கும்ங்கறது விசாரணையோட முடிவு.

வீட்டுல கட்டின ஒவ்வொரு விமானமும் தனித்தனி. ஒரே பேர் இருந்தாலும் வால்வு எங்கன்னு நீங்கதான் பார்த்துக்கணும். செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குதேன்னு பையன் நடுவுல ஒரு தடவை கேட்டான். அதுக்கான பதில் இதுதான்.

எடையைக் குறைச்ச ஆள், அட்வான்ஸ் வாங்கின கம்பெனி

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சவர் ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென். 1973-ல ஆரம்பிச்ச அவரோட 'வேன்ஸ் ஏர்கிராஃப்ட்' கம்பெனியோட ஆர்.வி. விமானங்கள் 11,000-க்கும் மேல பறந்திருக்கு. ஆர்.வி-7ஐ எடுத்துக்கங்க. முழு எடை 816 கிலோ, இறக்கை 11.2 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 73 கிலோ, கிட்டத்தட்ட செஸ்னா மாதிரியே! ஸ்டால் வேகமும் அதை ஒட்டித்தான். ஆனா அதே 180 குதிரைசக்தியில மணிக்கு 300 கி.மீ.க்கு மேல போகும்.

எப்படி? செஸ்னாவோட நாலு சீட்டை ரெண்டா குறைச்சார், 340 கிலோ எடை போச்சு. காத்துக்கு முகம் கொடுக்கற உடம்பைச் சின்னதாக்கினார். பத்திரமா இறங்கத் தேவையான இறக்கையில கை வைக்கல. சம்பளம் ஏறாம சேமிப்பை ஏத்தினவங்க யாராவது உங்க ஆபீஸ்ல இருந்தா, அவங்க இப்படித்தான் செஞ்சிருப்பாங்க.

எங்க பையன் புக் பண்ண நினைச்சதும் ஆர்.வி. கிட்தான். விமானம் நல்ல விமானம். ஆனா கம்பெனி?

2023 டிசம்பர்ல வேன்ஸ் ஏர்கிராஃப்ட் அமெரிக்க திவால் சட்டத்தோட சாப்டர் 11 பாதுகாப்புக்குப் போச்சு. கோவிட்டுக்கு அப்புறம் ஆர்டர் குவிஞ்சது. பாகங்கள்ல ஓட்டை போட லேசர் முறைக்கு மாறினதுல விரிசல் பிரச்சினை வந்து, ஏகப்பட்ட பாகத்தைத் திரும்பச் செஞ்சு கொடுக்க வேண்டியதாச்சு. சரக்குக் கட்டணமும் ஏறிப்போச்சு. பழைய விலையில அட்வான்ஸ் கட்டிக் காத்திருந்தவங்களுக்கு ரெண்டே வழி: ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூட்டின புது விலைக்குக் கையெழுத்துப் போடு, இல்லைன்னா கடன்காரங்க வரிசையில போய் நில்லு. கம்பெனி மறுசீரமைப்பு முடிஞ்சு இன்னிக்கும் நடக்குது. ஆனா அட்வான்ஸ் கட்டினவர் சட்டத்தோட கண்ணுல செக்யூரிட்டி இல்லாத கடன் கொடுத்தவர். ஃப்ளாட் புக் பண்ணிட்டுக் காத்திருக்கிறவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல.

இந்தியாவில கட்டினா?

கட்டியிருக்காங்க. ஜெட் ஏர்வேஸ் பைலட்டா இருந்த கேப்டன் அமோல் யாதவ், மும்பை காந்திவலியில தான் இருந்த கட்டடத்து மொட்டை மாடியில ஆறு சீட் விமானம் கட்டினார். பேர் டி.ஏ.சி-003. முதல் ரெண்டு முயற்சி தோத்து, இது மூணாவது. 2016 பிப்ரவரியில 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில நிறுத்தினப்போ நாடே பார்த்தது. ஆனா டிஜிசிஏ பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுவும் பறக்கறதுக்கு இல்ல, பதிவுக்கு மட்டும். அவர் முழுநேர பைலட். விதிமுறையும் ஆட்களும் அவருக்கு அத்துப்படி. ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர் இந்த வரிசையில நின்னா எவ்வளவு காலம் ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

வரிப் பக்கம் என் ஏரியா. 2025 செப்டம்பர் 22-ல இருந்து சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். "நான் வாங்கறது விமானம் இல்லையே அக்கா, பாகம்தானே?"ன்னான். கெட்டிக்காரன். ஆனா கஸ்டம்ஸ் டாரிஃப்ல பொது விதி 2(அ)ன்னு ஒண்ணு இருக்கு: பூட்டாத நிலையில வந்தாலும், முழுப் பொருளோட முக்கியத் தன்மை இருந்தா அதை முழுப் பொருளாவே எடுத்துக்கலாம். பிரிச்சுப் பிரிச்சு வரவழைச்சாலும் கேள்வி வரலாம். பதில் சொல்ற செலவும் உங்களோடது.

இன்னொண்ணு, இதை நிறையப் பேர் பார்க்கறதே இல்ல. உங்க பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியை எடுத்து விலக்குகள் பக்கத்தைப் படிங்க. டிக்கெட் வாங்கின பயணியாப் போனாத்தான் விமான விபத்துக்குக் கவர்னு பெரும்பாலான பாலிசியில இருக்கும். டேர்ம் இன்ஷூரன்ஸ் படிவத்துலயும் ஆபத்தான பொழுதுபோக்கு இருக்கான்னு கேப்பாங்க. மறைச்சா குடும்பத்துக்குக் க்ளெய்ம் சிக்கும்.

திண்ணையில போட்ட கணக்கு

₹15 லட்சம், 12 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ சுமார் ₹33,400. வட்டி மட்டும் ₹5 லட்சம் சொச்சம். வீட்டுக் கடன் மாதிரி வரிச்சலுகை எதுவும் இதுக்குக் கிடையாது.

அவனோட மாசம்: ரூம் ₹13,000, ஆரணிக்கு ₹20,000, பைக் இஎம்ஐ ₹5,200, சாப்பாடும் மத்ததும் ₹18,000. மொத்தம் ₹56,200, மிச்சம் ₹25,800. இஎம்ஐக்கு இதுவே பத்தாது. "வீட்டுக்கு அனுப்பறதைப் பாதியாக்கிடுவேன்"னான். அப்பவும் மாசக் கடைசியில மிஞ்சறது ₹2,400. சேமிப்புக் கணக்குல ₹1.4 லட்சம். வேலை போச்சுன்னா ரெண்டு மாசம் முழுசாத் தாங்காது.

"₹2,400 தான் நீ ஸ்டால் ஆகறதுக்கு முன்னாடி இருக்கிற இடைவெளி. லான்கேர்காரனுக்காவது இதைவிட அதிகம் இருக்கும்"னேன். கொஞ்சம் கடுமையாச் சொல்லிட்டேனோன்னு இப்பத் தோணுது. அவன் பதில் பேசல. வால் பகுதியும் இறக்கையும் வந்த பிறகு என்ஜினுக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டேன். ஆர்.வி. உடல் கிட்டைவிட புது என்ஜின் விலை அதிகம். அதுக்கும் பதில் இல்ல. பாதியில நின்னுபோன கிட்டு எத்தனையோ கராஜ்ல தூசி படிஞ்சு கிடக்கு. அதுக்கும் இஎம்ஐ மட்டும் தேதி தவறாம போகும்.

சித்தப்பாவுக்கு விஷயம் அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. திட்டுவார்னு பார்த்தோம். "முதலாளிகிட்ட முன்பணம் வாங்கினவன் நான். இருபது வருஷம் தறியை விட்டு எழுந்திருக்க முடியல"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டார்.

லோனை அவன் எடுக்கல. எமர்ஜென்சி ஃபண்டை முதல்ல ₹3.5 லட்சம் ஆக்கணும்னு பேசியிருக்கோம், அது ஆறு மாசச் செலவு. மாசம் ₹15,000 அதுக்குப் போனா 14 மாசம். அதுக்கப்புறம் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குத் தனியா ஒரு ஆர்டி. குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும், லைசென்ஸ் கையில வந்த பிறகுதான் கிட் பத்திப் பேச்சு. நடுவுல கை சும்மா இருக்கக் கூடாதுன்னு, ரிவெட் அடிச்சுப் பழகறதுக்குன்னே விக்கற சின்ன அலுமினியப் பயிற்சி கிட் ஒண்ணு வாங்கியிருக்கான். செலவு சம்பளத்துல இருந்துதான், கடன் இல்ல.

போன ஞாயித்துக்கிழமை ஆரணியில இருந்து போட்டோ அனுப்பினான். தறிக்குப் பக்கத்துல பலகை போட்டு உட்கார்ந்திருக்கான். சித்தப்பா கட்டை விரலால ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்துட்டு இருக்கார். கீழ ஒரு வரி: "அக்கா, ரெண்டு கோணலா இருக்காம். அப்பா பிரிக்கச் சொல்லிட்டார்."